நீங்க நடந்தா சிக்னல் நடுங்கும்! – அதை வைத்தே வாழ்ந்து தொலைந்துபோன லெவ் தெர்மெனின் கதை

ராத்திரி பத்து மணி. ரவுட்டர் ஹாலில், நீங்கள் பெட்ரூமில். வீடியோ கால் நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. அம்மா தண்ணீர் பாட்டிலோடு வந்து கதவோரம் நின்று ஏதோ கேட்கிறார். மறுமுனையில் இருப்பவரின் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. அம்மா நகர்ந்ததும் சரியாகிவிடுகிறது. நாம வழக்கம்போல நெட் கம்பெனியைத் திட்டுவோம். ஆனால், இந்த இடத்தில் குற்றவாளி அம்மாவாகவே இருக்கலாம். சரியாகச் சொன்னால், அம்மாவின் உடம்பில் இருக்கும் தண்ணீர்.

மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். வைஃபை அலை அதில் பட்டால் கொஞ்சம் உறிஞ்சப்படும், கொஞ்சம் சிதறும், கொஞ்சம் பட்டுத் திரும்பும். அதோடு, ரவுட்டரிலிருந்து உங்க போனுக்கு சிக்னல் ஒரே கோட்டில் வருவதில்லை. சுவர், பீரோ, ஜன்னல் கம்பி, சீலிங் எல்லாவற்றிலும் பட்டுத் தெறித்துப் பல வழிகளில் வந்து சேருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். ஒரு வழியில் வரும் அலைக்கும் இன்னொரு வழியில் வரும் அலைக்கும் அதில் பாதி, அதாவது ஆறு சென்டிமீட்டர் சொச்சம் வித்தியாசம் வந்தால் போதும், கைகோத்து வர வேண்டிய இரண்டு அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஒருவர் ஒரு எட்டு எடுத்து வைத்தால் வித்தியாசம் அதைவிட அதிகமாகவே மாறிவிடும். இதைக் கேட்டதிலிருந்து எங்க வீட்டில் யார் குறுக்கே போனாலும் நான் ஒரு மாதிரி பார்க்கிறேன்.

நமக்கு இது தொல்லை. ஆனால், ஏறத்தாழ நூறு வருஷத்துக்கு முன்னால் ரஷ்யாவில் ஒரு இளைஞர் இதற்கு நெருங்கிய உறவான ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஒரு அறைக்குள் மனித உடம்பு அசைந்தால், அங்கிருக்கும் மின்புலமும் கூடவே அசைகிறது. அதை அவர் தொல்லையாக நினைக்கவில்லை. அதில் பாட்டு வாசித்தார். திருடனைப் பிடித்தார். உளவும் பார்த்தார். கடைசியில் அதுவே அவர் வாழ்க்கையைப் பிய்த்துப்போட்டது. அவர் பெயர் லெவ் தெர்மென். மேற்குலகம் அவரை லியான் தெரமின் என்று கூப்பிட்டது. அவர் செய்த வாத்தியத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. குழப்பம் வேண்டாம், இந்தக் கட்டுரையில் மனிதர் தெர்மென், வாத்தியம் தெரமின்.

விசிலடித்த மீட்டர்

தெர்மென் பிறந்தது 1896-ல், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில். வசதியான குடும்பம். சின்ன வயதிலேயே செல்லோ கற்றுக்கொண்டார். கூடவே இயற்பியல் பைத்தியம். முதல் உலகப் போரின்போது ராணுவத்தின் ரேடியோ பக்கம் போனார். புரட்சி முடிந்த பிறகு, அப்ராம் ஐயோஃபே என்கிற பெரிய இயற்பியலாளரின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே அவருக்குக் கொடுக்கப்பட்டது பரம போரான வேலை. வெவ்வேறு அழுத்தத்திலும் வெப்பத்திலும் வாயுக்களின் மின் தன்மை எப்படி மாறுகிறது என்று அளக்க வேண்டும். அதற்காக வால்வுகளை வைத்து ஒரு கருவி செய்தார். மாற்றம் நுட்பமாக இருக்குமே, முள் நகர்வதைப் பார்ப்பதைவிட காதால் கேட்டால் சுலபம் என்று ஹெட்போனையும் இணைத்தார். கருவி விசிலடித்தது. கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் விசில் ஏறியது, விலக்கினால் இறங்கியது. அளக்கப் போனது வாயுவை. ஆனால் கருவி அளந்தது அவரை!

வேறு யாராவது இருந்தால் ஒரு உலோகப் பெட்டியைப் போட்டு மூடிவிட்டு, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்திருப்பார்கள். இவர் செல்லோ வாசிப்பவர் ஆயிற்றே. செல்லோவில் விரல் கம்பி மேல் நகர்வதுபோல, காற்றில் கையை நகர்த்தித் தெரிந்த ராகம் ஒன்றை வாசித்துப் பார்த்தார். பக்கத்து அறைகளில் இருந்தவர்களெல்லாம் வந்து கூடிவிட்டார்கள். அது 1920.

எப்படி வேலை செய்கிறது? உங்க போனின் டச் ஸ்கிரீனைத் தொடுகிறீர்கள் இல்லையா, கிட்டத்தட்ட அதேதான். நம் உடம்பு மின்சாரத்தைக் கொஞ்சம் தாங்கி வைத்துக்கொள்ளும். விரல் நெருங்கினால் அந்த இடத்தின் மின்தேக்கத்திறன் மாறும். போன் அதை டச் என்று புரிந்துகொள்கிறது. தெரமினுக்குள் இரண்டு அலையியற்றிகள் இருக்கும். இரண்டுமே காதுக்கு எட்டாத உயரத்தில் அதிர்பவை. ஒன்று மாறாது. இன்னொன்று ஆன்டெனாவோடு இணைந்திருப்பதால் கை நெருங்க நெருங்க மாறும். உதாரணத்துக்கு, ஒன்று வினாடிக்கு 1,70,000 முறை அதிர்கிறது, மற்றது 1,70,440 முறை என்றால், வித்தியாசமான 440 மட்டும் காதில் கேட்கும். வலது கை செங்குத்துக் கம்பிக்கு அருகே சுருதியைப் பிடிக்கும். இடது கை பக்கவாட்டு வளையத்தின் மேல் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். எதையும் தொடவே கூடாது.

வைஃபை குறுக்கீடும் இதுவும் ஒரே விஷயம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தெரமினில் நடப்பது பக்கத்தில் இருக்கும் மின்புலம் மாறுவது. வைஃபையில் நடப்பது தூரம் போகும் அலை தடைபடுவதும் தெறிப்பதும். ஆனால், இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. நீங்கள் எதையும் அனுப்ப வேண்டாம், எதையும் அழுத்த வேண்டாம். அங்கே இருந்தாலே போதும், கருவிக்குத் தெரிந்துவிடும். தெரமின் வாசிப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள், மூச்சை இழுத்துவிட்டால்கூட சுருதி ஆடும். பக்கத்தில் இன்னொருவர் எட்டி வந்து நின்றால் வாசிப்பே கெட்டுவிடும்.

அப்படியென்றால் வாசிப்பை விட்டுவிட்டு, யாராவது எட்டி வருகிறார்களா என்று மட்டும் பார்க்கலாமே? தெர்மெனுக்கு அதுவும் தோன்றியது. அதே தத்துவத்தில் ஒரு காவல் கருவி செய்தார். யாராவது நெருங்கினால் அலாரம் அடிக்கும்.

லெனின் வாசித்த வாத்தியம்

1922 மார்ச்சில் இரண்டையும் தூக்கிக்கொண்டு கிரெம்ளினுக்குப் போனார். எதிரே உட்கார்ந்திருந்தவர் லெனின். அலாரத்தைக் காட்டியபோது நடந்ததை தெர்மென் வயதான காலத்தில் சிரித்துக்கொண்டே நினைவுகூர்ந்திருக்கிறார். அங்கிருந்த ராணுவக்காரர் ஒருவர் கருவியை ஏமாற்றிக் காட்டுகிறேன் பார் என்று கம்பளித் தொப்பியையும் ரோமக் கோட்டையும் சுற்றிக்கொண்டு தரையில் தவழ்ந்து போனாராம். அலாரம் விடவில்லை, அடித்தேவிட்டது.

பிறகு லெனின் தெரமினை வாசித்துப் பார்த்தார். முதலில் தெர்மென் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுக்க, கொஞ்ச நேரத்தில் தானாகவே கிளின்காவின் மெட்டு ஒன்றைச் சமாளித்துவிட்டார். நாட்டுக்கே மின்சாரம் கொண்டுபோக வேண்டும் என்று லெனின் துடித்துக்கொண்டிருந்த நேரம் அது. மின்சாரத்தில் பாட்டே வரும் என்று காட்டுவதைவிடப் பெரிய விளம்பரம் வேறென்ன? தெர்மென் ஊர் ஊராக வாத்தியத்தோடு அனுப்பப்பட்டார். நடுவில் டெலிவிஷன் ஒன்றும் செய்தார். ராணுவம் அதை எடுத்து ரகசியம் என்று பூட்டிவிட்டது. இந்தப் பூட்டு அவர் வாழ்க்கையில் திரும்பத் திரும்ப வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1927-ல் ஐரோப்பா. ஃபிராங்க்ஃபர்ட், பெர்லின், லண்டன், பாரிஸ் எங்கும் அரங்கம் நிறைந்தது. அந்த வருஷக் கடைசியில் நியூயார்க். 1928 பிப்ரவரியில் அமெரிக்கப் பேட்டன்ட் கிடைத்தது. அடுத்த வருஷம் ஆர்.சி.ஏ. நிறுவனம் தெரமினைத் தயாரித்துக் கடைக்குக் கொண்டுவந்தது. யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், கையை ஆட்டத் தெரிந்தால் போதும் என்கிற ரீதியில் விளம்பரம். இதைவிட அபாண்டமான விளம்பரம் இருக்க முடியாது. கம்பியும் இல்லை, கட்டையும் இல்லை, காற்றில் எந்த இடத்தில் எந்த ஸ்வரம் இருக்கிறது என்று காதை மட்டுமே நம்பிக் கண்டுபிடிக்க வேண்டும். அதே நேரத்தில் பங்குச் சந்தை வேறு சரிந்தது. ஐந்நூறு வாத்தியங்களோடு கடையைக் கட்டினார்கள்.

தெர்மென் அசரவில்லை. மன்ஹாட்டனில் மேற்கு 54-வது தெருவில் ஒரு வீடு பிடித்து ஸ்டூடியோ போட்டார். ஐன்ஸ்டீன்கூட வந்துபோன இடம். அங்கே அவர் செய்த ஒன்றுதான் என்னை ரொம்ப ஈர்த்தது. டெர்ப்சிடோன் என்று பெயர். ஒரு மேடை. அதன் அடியில் உலோகத் தகடு. மேலே நின்று யாராவது ஆடினால், உடம்பு எழும்பும்போது சுருதி ஏறும், தாழும்போது இறங்கும். பாட்டுக்கு ஆடுவதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். இதில் ஆட்டத்துக்குப் பாட்டு! 1932-ல் கார்னகி ஹாலில் அதை மேடையேற்றினார்கள். ஆடுபவரின் தவறு அப்படியே அபஸ்வரமாகக் கேட்கும் என்பதால், வந்த நடனக்காரர்களில் பலருக்கு அது சரிப்பட்டு வரவில்லை. மேடையேறி ஆடியவர் நடனக்காரர்கூட இல்லை, கிளாரா என்கிற வயலின் கலைஞர்.

கிளாரா லிதுவேனியாவில் பிறந்த வயலின் மேதை. குழந்தையிலேயே ரஷ்யாவின் புகழ்பெற்ற இசைப் பள்ளியில் இடம் கிடைத்தவர். ஆனால், சின்ன வயதுப் பசி பட்டினியால் எலும்பும் தசையும் பலவீனமாகி, வில்லைப் பிடிக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டார். தொடாமலே வாசிக்கும் வாத்தியம் ஒன்று இருக்கும்போது வில் எதற்கு? தெர்மென் அவருக்காகவே தனியாக ஒரு தெரமினைச் செய்து கொடுத்தார். அதை அவர் அளவுக்கு வாசித்தவர் அதற்கு முன்னும் பின்னும் இல்லை என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். கிளாராவின் 18-வது பிறந்தநாளுக்கு தெர்மென் கொடுத்தது ஒரு கேக். அவர் பக்கத்தில் வந்தாலே கேக் தானாகச் சுழலும், மேலே இருக்கும் விளக்கு எரியும். லெனினுக்குக் காட்டிய அதே திருடன் அலாரம்தான், காதலுக்கு மாறியிருந்தது. பலமுறை கேட்டும் கிளாரா சம்மதிக்கவில்லை. ராபர்ட் ராக்மோர் என்கிற வழக்கறிஞரைத் திருமணம் செய்துகொண்டார்.

இந்தப் பக்கம் காதல், கச்சேரி. அந்தப் பக்கம் வேறொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் பார்த்ததையும் கேட்டதையும் அவர் சோவியத் ஆட்களிடம் தொடர்ந்து ஒப்பித்துக்கொண்டிருந்தார். இதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். ஆல்கட்ராஸ் சிறைக்கு உலோகம் கண்டுபிடிக்கும் கருவி செய்து கொடுத்த அதே ஆள்தான்.

1938-ல் லாவினியா வில்லியம்ஸ் என்கிற கறுப்பின நடனக் கலைஞரைத் திருமணம் செய்தார். அந்தக் கால அமெரிக்காவில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். நேற்றுவரை ஸ்டூடியோவுக்கு வந்து கைகுலுக்கிய பணக்காரர்களில் பலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கடன் கழுத்தை நெரித்தது. அதே வருஷம் செப்டம்பரில் ஒரு சோவியத் கப்பலில் ஏறிப் போனார். லாவினியா கூடப் போகவில்லை. கணவரைக் கடத்திக்கொண்டு போய்விட்டார்கள் என்றே அவரும் நண்பர்களும் பல காலம் நம்பினார்கள். கடன் தொல்லையால் தானாகவே கிளம்பினார் என்பதுதான் பின்னால் வந்த ஆய்வுகளின் முடிவு. அவர்கள் மறுபடி சந்திக்கவே இல்லை. லாவினியா ஹைட்டிக்குப் போய் நடன ஆசிரியையாக வாழ்ந்தார்.

கழுகின் காது

நாட்டுக்குத் திரும்பியவருக்கு மாலை மரியாதை எதுவும் காத்திருக்கவில்லை. பத்து வருஷம் அமெரிக்காவில் இருந்தவரை ஸ்டாலினின் ரஷ்யா எப்படிப் பார்க்கும்? 1939 மார்ச்சில் கைது. எட்டு வருஷம் தண்டனை. கொலிமாவில், உறைபனியில் கல் சுமக்கும் முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே போனவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. இவர் தள்ளுவண்டி சுலபமாக உருள்வதற்கு மரத்தில் தண்டவாளம்போல ஒன்று அமைத்துக் கொடுத்து, குழுவுக்குக் கூடுதல் சாப்பாடு வாங்கிக்கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. நம்பும்படியாகத்தான் இருக்கிறது.

பிறகு மாஸ்கோவுக்கு வரவழைத்தார்கள், விடுதலை செய்ய இல்லை. கைதிகளாகவே விஞ்ஞானிகளை அடைத்து வைத்து வேலை வாங்கும் சிறை ஆய்வுக்கூடங்கள் அப்போது இருந்தன. விமான மேதை துப்போலெவ், பின்னாளில் ஸ்புட்னிக்கை அனுப்பிய கோரலெவ் எல்லோரும் அப்படி அடைபட்டவர்கள்தான். தெர்மென் அங்கே செய்த ஒரு பொருளை உளவு உலகம் இன்றும் மறக்கவில்லை.

1945 ஆகஸ்ட் 4. போர் முடியும் நேரம். சோவியத் பள்ளிப் பிள்ளைகள் சிலர் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதர் ஹாரிமனுக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். மரத்தில் அழகாகச் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரை, அந்தக் கழுகு. தூதர் அதைத் தன் வீட்டுப் படிப்பறைச் சுவரில் மாட்டினார். மைக் இருக்கிறதா, வயர் இருக்கிறதா என்று வழக்கமான சோதனைகளெல்லாம் நடந்தன. ஒன்றும் சிக்கவில்லை. காரணம், உள்ளே பேட்டரி இல்லை, வயர் இல்லை, ஓடும் மின்சாரமே இல்லை.

உள்ளே இருந்தது ஒரு சின்ன உலோகக் குழி, அதன் வாயில் மெல்லிய சவ்வு, கூடவே ஒரு ஆன்டெனாக் கம்பி. அவ்வளவுதான். வெளியே எங்கோ நின்ற வண்டியிலிருந்து குறிப்பிட்ட ரேடியோ அலையை அந்த அறையை நோக்கி அடிப்பார்கள். அறையில் யாராவது பேசினால் சவ்வு அதிரும். சவ்வு அதிர்ந்தால், கம்பியில் பட்டுத் திரும்பும் அலையும் கூடவே அதிரும். திரும்பி வந்ததைப் பிடித்தால் பேச்சு! அலையை அனுப்பாத நேரத்தில் அது வெறும் மரப்பலகை. பேட்டரியே இல்லாமல் காரின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் டோல்கேட்டில் எப்படி பதில் சொல்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? வெளியிலிருந்து வரும் அலையிலேயே பிழைக்கும் அந்த யோசனைக்குத் தாத்தா என்று இந்தக் கழுகைத்தான் பலர் காட்டுகிறார்கள்.

ஏழு வருஷம், நான்கு தூதர்கள். எல்லோர் பேச்சையும் கழுகு கேட்டது. மாஸ்கோவில் இருந்த ஒரு பிரிட்டிஷ் ரேடியோ ஆபரேட்டரின் காதில் தற்செயலாக அமெரிக்கர்களின் உரையாடல் விழுந்த பிறகுதான் சந்தேகம் வந்தது. 1952-ல் தூதர் கென்னன் படிப்பறையில் உட்கார்ந்து கடிதம் சொல்லி எழுத வைப்பதுபோல உரக்க வாசித்துக்கொண்டே இருந்தார். நிபுணர்கள் சத்தமில்லாமல் அறையைச் சல்லடையிட்டு, கழுகுக்குள் கை வைத்தார்கள். 1960 மே மாதம் ஐ.நா. சபையில் அமெரிக்கா அதை உலகத்துக்கே திறந்து காட்டியது. செய்தவர் யார் என்று அப்போது வெளியே யாருக்கும் தெரியாது.

செய்தவருக்கு 1947-ல் ஸ்டாலின் பரிசு கிடைத்தது. ஜன்னல் கண்ணாடியின் அதிர்வைத் தொலைவிலிருந்தே படித்துப் பேச்சைக் கேட்கும் இன்னொரு கருவியும் அவர் கணக்கில் உண்டு. அதே வருஷம் விடுதலையும் கிடைத்தது. வெளியே வந்தார், மறுபடி திருமணம் செய்தார், இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தார்கள். வேலை? அதே உளவுத் துறைக்குத்தான், இன்னும் ஏறத்தாழ இருபது வருஷம். அவரைப் பாவப்பட்டவர் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. சிறையில் செய்ததற்கு வேறு வழியில்லை. நியூயார்க்கில் ஒப்பித்ததும், விடுதலைக்குப் பின் தொடர்ந்ததும்? அவருடைய கருவி மாதிரியேதான் அவரும், எந்தப் பக்கத்திலிருந்து அலை வந்ததோ அந்தப் பக்கத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதற்குள் அமெரிக்கா அவரை இறந்தவர் கணக்கில் எழுதிவிட்டது. ஆனால், அவர் வாத்தியம் ஹாலிவுட்டில் கொடிகட்டிப் பறந்தது. ஹிட்ச்காக்கின் ஸ்பெல்பவுண்ட் படத்தில் மனக் குழப்பம் வந்தால் தெரமின். 1951-ல் வந்த தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில் படத்தில் பறக்கும் தட்டு வந்தால் தெரமின். ராபர்ட் மூக் என்கிற இளைஞர் தெரமின் செய்து விற்றே பிழைப்பை ஆரம்பித்து, பிறகு சின்தசைசர் உலகத்தையே புரட்டிப்போட்டார்.

1967-ல் நியூயார்க் டைம்ஸின் இசை விமர்சகர் ஒருவர் மாஸ்கோ இசைப் பள்ளிக்குப் போனபோது, அங்கே ஒரு மூலையில் தெர்மென் மின்னணு வாத்தியங்கள் செய்துகொண்டிருப்பதைப் பார்த்துத் திகைத்து எழுதினார். செத்தவர் உயிரோடு இருக்கிறார்! கட்டுரை வெளியான பிறகு பள்ளி நிர்வாகத்துக்குக் கோபம் வந்து, அவரை வேலையை விட்டுத் துரத்தி, செய்த வாத்தியங்களையும் தூக்கி எறிந்தது. எழுபது வயதைத் தாண்டிய மனிதர், பிறகு மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சாதாரண டெக்னீஷியனாகச் சேர்ந்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம்

அவர் கதை முடிவதற்கு முன் நம்ம ஹாலுக்கு ஒரு நிமிஷம் வந்துவிட்டுப் போகலாம்.

2013-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், வைஃபை அலையை மட்டும் வைத்து, மூடிய கதவுக்குப் பின்னால் ஆட்கள் நடப்பதைக் கண்டுபிடிக்க முடியும் என்று காட்டினார்கள். பிறகு மார்பு ஏறி இறங்குவதை வைத்து மூச்சையே எண்ணும் அளவுக்கு இந்தத் துறை வளர்ந்துவிட்டது. வைஃபையை சென்சாராகப் பயன்படுத்துவதற்கென்றே ஒரு தனித் தரம் 2025-ல் வந்துவிட்டது, 802.11பிஎஃப் என்று பெயர். இதனால் நல்லது உண்டு. தனியாக இருக்கும் பாட்டி பாத்ரூமில் விழுந்தால் கேமரா இல்லாமலே தெரியவரும். அங்கே கேமரா வைக்க யாருக்கும் மனசு வராது இல்லையா? ஆனால், அதே சிக்னல் வீட்டில் ஆள் இருக்கிறாரா, எந்த அறையில், எத்தனை பேர் என்பதையும் வெளியே இருப்பவருக்குச் சொல்லக்கூடும். உங்க கையில் போனே இல்லாவிட்டாலும்கூட. போனை ஆஃப் செய்து வைக்கலாம். உடம்பை எப்படி ஆஃப் செய்வது?

ரவுட்டரைத் திருப்பி வைப்பதா வேண்டாமா என்பது உங்க இஷ்டம். வீடியோ கால் உடையாமல் இருக்க வேண்டும் என்றால் மட்டும், தரையில் வைக்காமல் ஆள் தலைக்கு மேலே ஒரு ஷெல்ஃபில் வையுங்கள். குறுக்கே போகும் உடம்புகளின் எண்ணிக்கை குறையும்.

தெர்மெனுக்கு வெளிநாடு போக அனுமதி கிடைத்தது 1989-ல், பிரான்சில் நடந்த ஒரு மின்னிசை விழாவுக்காக. அப்போது வயது 92. இரண்டு வருஷம் கழித்து, 53 வருஷங்களுக்குப் பின் நியூயார்க்கில் கால் வைத்தார். விட்டுப்போன ஊரா இது என்று அவர் தெருவைப் பார்த்துக்கொண்டே நடப்பதை ஆவணப்படம் எடுத்திருக்கிறார்கள். கிளாரா அதே ஊரில்தான் இருந்தார். கணவர் இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. எண்பது வயதான கிளாராவின் வீட்டுக்கு 95 வயதான தெர்மென் போனார். அவர் கையால் செய்து கொடுத்த தெரமினை கிளாரா அத்தனை வருஷமும் பத்திரமாக வைத்திருந்தார்.

1993 நவம்பர் 3 அன்று மாஸ்கோவில் தெர்மென் இறந்தார். வயது 97. கடைசிக் காலத்தில் அவர் வாத்தியம் கற்றுக்கொடுத்தது உறவுக்காரப் பெண் லிதியா கவினாவுக்கு. ஒன்பது வயதில் அவரிடம் பாடம் ஆரம்பித்த லிதியா, பிறகு உலக மேடைகளில் தெரமினை வாசித்தார். யூடியூபில் அவர் பெயரைப் போட்டுப் பாருங்கள். முகத்தைப் பார்க்காதீர்கள், வலது கை விரல்களைப் பாருங்கள். எதையும் தொடாமல் எவ்வளவு கொஞ்சமாக அசைகின்றன என்று தெரியும்.